பேர் கூப்பிடும் வேலை

1

நான் கப்பலேறிய மாசி மாதம் மறுபடி வந்திருக்கிறது. வருஷா வருஷம் இந்த மாதத்தில் சேந்தமங்கலத்துப் பக்கத்து ஜனங்களுக்கு நாலு பக்கம் எழுதி அனுப்புவது என் வழக்கம். மலாயாவில் மழை எப்படி, அரிசி எப்படி, ரப்பர் விலை எங்கே கிடக்கிறது என்றெல்லாம் எழுதுவேன். சந்தையன்று யாராவது உரக்கப் படித்துக் காட்டுகிறார்கள் என்று கேள்வி. எல்லாக் கடிதத்திலும் நான் சௌக்கியம் என்றுதான் எழுதியிருப்பேன். இந்த வருஷம் அந்த வார்த்தையை எழுதப் பேனா நகர மாட்டேன் என்கிறது. ஏன் என்று சொல்லத்தான் இத்தனை காகிதம்.

ஆரம்பித்து வைத்தவர் எங்கள் புதுத் துரை. போன மாதம் ஒரு நாள் என்னை ஆபீஸ் வராந்தாவுக்குக் கூப்பிட்டு, "கிராணி, லண்டன் கம்பெனியிலிருந்து ஒரு கேள்வி வந்திருக்கிறது. ஆட்கள் சந்தோஷமாகவும் ஊக்கமாகவும் வேலை செய்ய என்ன செய்யலாம்? நீ அவர்களுக்குள்ளேயே இருக்கிறவன். மாதக் கடைசிக்குள் யோசித்துச் சொல்," என்றார். ரப்பர் விலை விழுந்த காலத்தில் கூலியைக் குறைத்து, பாதிப் பேரைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பியவர்களும் அதே லண்டன்காரர்கள்தான். இப்போது எங்கள் சந்தோஷத்தைப் பற்றி விசாரிக்கிறார்களே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. துரைக்கு முன்னால் சிரிக்கக்கூடாது, அதனால் இருமினேன். "ஒரு கால்பந்து வாங்கிக் கொடுத்தால் என்ன?" என்று அவரே கேட்டார். காலை முழுக்க மரத்தைக் கீறிப் பால் சுமந்தவன் சாயங்காலம் பந்தின் பின்னால் ஓடுவானா என்று கேட்க நினைத்து, மறுபடியும் இருமினேன்.

கிராணி என்றால் கணக்குப்பிள்ளை. நான் சின்னக் கிராணி. வந்த புதிதில் ரப்பர் மரத்தைக் கீறிப் பால் வெட்டினேன். நாலெழுத்து தெரியும் என்று கண்டுபிடித்து ஆபீசுக்கு இழுத்துக் கொண்டார்கள். விடிவதற்கு முன் கொட்டகை வாசலில் ஆட்களை வரிசையாக நிறுத்தி, யார் வந்தார் யார் வரவில்லை என்று கூப்பிட்டுப் பார்ப்பதற்கு இங்கே பெரட்டு என்று பெயர். அதுதான் என் முதல் வேலை. முன்பெல்லாம் பேர் சொல்லிக் கூப்பிடுவேன். புதுத் துரை வந்ததும் ஆளுக்கொரு பித்தளை வில்லை செய்து, அதில் எண் வெட்டி, கழுத்தில் மாட்டச் சொல்லிவிட்டார். பெரட்டில் இனி எண்தான். அரை மணி வேலை கால் மணியில் முடிகிறது என்று அவருக்குத் திருப்தி. அந்த மாதத்திலிருந்தே ஆட்களின் பேச்சுக் குறைந்தது, வாளியில் பாலும் குறைந்தது. துரை மரத்தைப் பரிசோதிக்க ஆள் வரவழைத்தார்.

அடுத்தவர் பேரைக் கூப்பிடுகிற எனக்கு இந்த ஊரில் பேர் கிடையாது. ஆட்களுக்கும் துரைக்கும் நான் கிராணி. மகளுக்கு அப்பா. பெண்டாட்டி சொல்லக்கூடாது, அது நம் வழக்கம், உங்களுக்குத் தெரியும். இதை ஒரு குறையாக நான் நினைத்ததே இல்லை. இப்போது நடந்த விஷயத்துக்குப் பிறகுதான் யோசிக்கிறேன்.

2

துரையின் கேள்வியை மனதில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மகள் வள்ளி கேட்டாள், "அப்பா, மக்கான் ஆச்சா?" சாப்பாடு என்ற வார்த்தையை அவள் மறந்து கொண்டிருக்கிறாள். திட்டலாம் என்று வாயைத் திறந்தால் எனக்கே அந்த நேரத்தில் மக்கான் என்றுதான் வருகிறது. யாரை என்ன சொல்ல?

நான் ஊரில் கிணறு வெட்டப் போன கதையை அவளுக்குச் சொல்ல ஆரம்பித்தேன். கயிறு கட்டி இறங்குவோம், மேலே நிற்பவர் முகம் தெரியாது என்றதும் அவள் நம்பவில்லை. "கிணத்துக்குள்ள எதுக்குப்பா இறங்கணும்?" இங்கே கிணறு என்றால் மண்டியிட்டுக் கையை நீட்டினால் தண்ணீர். அவள் பிறந்ததிலிருந்து பார்த்தது அதுதான். தண்ணீருக்காகப் பாறையை உடைத்துக்கொண்டே பூமிக்குள் போவோம், போயும் சில சமயம் தண்ணீர் இருக்காது என்றால், அப்பா கதை விடுகிறார் என்று அம்மாவிடம் போய்ச் சிரிக்கிறாள்.

உங்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. நைனாமலை தெரிகிற தன் மேட்டுக்காட்டில் ஒரு பண்ணாடி வெட்ட ஆரம்பித்துப் பாதியில் விட்ட கிணறு உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். சுற்றிலும் கடலைக்காடு, ஒரே ஒரு பனைமரம். அந்தக் கிணற்றில் நான் வேலை செய்தேன். என் வாழ்நாளில் நான் சந்தோஷமாக வேலை செய்த இடம் எது என்று லண்டன்காரர்கள் என்னைக் கேட்டால், அந்தக் குழியைத்தான் சொல்லுவேன். ஆனால் அது எப்படிப்பட்ட சந்தோஷம் என்று சொன்னால் அவர்கள் பயந்து போவார்கள்.

அதற்கு முன் சேலத்தில் ஒரு பஞ்சாலையில் இருந்தேன். கூலி அதிகம், தலைக்கு மேல் கூரை உண்டு. அங்கே என் பேர் "டேய்". என்னோடு இருந்த நாலைந்து பேருக்கும் அதே பேர்தான், ஒருத்தனைக் கூப்பிட்டால் எல்லோரும் திரும்பிப் பார்ப்போம். காய்ச்சலில் ஒரு வாரம் படுத்துவிட்டுப் போனபோது, நான் வராததே யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. அன்றைக்கே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஊருக்கு நடந்தேன்.

கிணறு வெட்டும் கூட்டத்தில் கூலி குறைச்சல், அதுவும் பண்ணாடிக்குக் கை வரும்போதுதான். மத்தியானம் களியும் புளிச்சாறும். வெயிலோ மண்டையைப் பிளக்கும். அப்படியிருந்தும் அந்தக் கூட்டத்தைவிட்டு யாரும் போக மாட்டார்கள், சண்டை போட்டுக் கொள்ள மாட்டார்கள் என்று சுற்று வட்டாரத்தில் பேச்சு. மந்திரம் வைத்திருக்கிறார்கள் என்றுகூடச் சொன்னார்கள். மந்திரம் ஒன்றுமில்லை. பாவாயக்கா பேர் கூப்பிடுவாள், அவ்வளவுதான்.

3

பாறையில் தமர் போடுவோம், அதாவது உளியும் சம்மட்டியும் கொண்டு ஆழமாகத் துளை அடிப்போம். அதில் வெடிமருந்தைத் திணித்துத் திரி வைத்தபின் எல்லோரும் மேலே ஏறிவிட வேண்டும். மேஸ்திரி மட்டும் கையில் நெருப்போடு அடியில் நிற்பார். விளிம்பில் அவர் பெண்டாட்டி பாவாயக்கா நின்றுகொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிடுவாள். "மேல வந்துட்டியா சாமி?" என்பாள். கூப்பிடப்பட்டவன், "வந்துட்டேனுங்க," என்று குழியைப் பார்த்துச் சொல்ல வேண்டும். மண் சுமக்கும் பெண்கள் உள்பட ஒருவர் பதில் பாக்கி என்றாலும் திரியில் நெருப்பு ஏறாது. பண்ணாடி குடையைப் பிடித்துக்கொண்டு நிற்பார், அவரும் நின்றுதான் ஆக வேண்டும். கடைசிப் பதில் வந்த பிறகே, "வைக்கலாமுங்க," என்று அக்கா குனிந்து குரல் கொடுப்பாள். மேஸ்திரி திரியைக் கொளுத்திவிட்டு விறுவிறுவென்று ஏறி வருவார். வெடித்த பிறகு மறுபடியும் ஒரு தடவை எல்லாப் பேரும்.

கடைசியாகக் கூப்பிடுகிற பேர் சடையன். நான் சேர்வதற்கு முன்பே செத்துப் போனவன் அவன். பாதி ஆழத்தில் பக்கச் சுவரில் சொத்தை மண் இருந்த இடம் ஒரு நாள் சரிந்து, ஏறிக்கொண்டிருந்த சடையனை வாரிக்கொண்டு போய்விட்டது. அந்த இடம் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு குடைவாக நின்றது. அவனை எடுத்து அடக்கம் பண்ணிய மறுநாளும் அக்கா அவன் பேரை விடவில்லை. அந்தக் கூட்டத்து வழக்கம் அது. கிணற்றில் செத்தவன் பேரைத் தண்ணீர் வருகிற வரை கூப்பிட வேண்டும். தண்ணீர் வந்த அன்று, போய்ட்டு வா சாமி என்று விடை கொடுத்து நிறுத்த வேண்டும்.

"செத்தவன் பேரையுமா கூப்புடுவீங்க? நேரமாவுது," என்று பண்ணாடி ஒரு தடவை சலித்துக்கொண்டாராம்.

"தண்ணி வார வரைக்கும் அவனும் ஆளுதானுங்க," என்றாளாம் அக்கா.

"சடையா, மேல வந்துட்டியா சாமி?" என்று கூப்பிட்டு, ஒரு மூச்சு விடுகிற நேரம் காத்திருந்து, "வந்துட்டான்," என்று அவளே அவனுக்காகச் சொல்லிவிடுவாள். அந்த ஒரு மூச்சு நேரம் பனையோலைகூட அசையாத மாதிரி இருக்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று காலையில் அக்கா வெடிமருந்து வாங்க சேந்தமங்கலத்துக்குப் போயிருந்தாள். மேஸ்திரி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எறங்கு," என்றார். என் பேரை யாரும் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. டேய் என்று கூப்பிட்டே பழகியவன் அல்லவா?

மத்தியானம் எல்லோரும் ஏறினார்கள். நான் கடைசி. கல் படியில் கால் வைத்துப் பாதி ஏறும்போது கண் இருட்டியது. புழுக்கமும் கல்தூசியும் பழக்கமில்லாத உடம்பு. விழுந்துவிடக்கூடாது என்று அந்தக் குடைவுக்குள் ஊர்ந்து உட்கார்ந்தேன். அங்கே மட்டும் சில்லென்று இருந்தது. நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது. மேலே, ஊரிலிருந்து திரும்பிவிட்ட அக்கா குரல் கேட்டது. ஒவ்வொரு பேராக வந்தது, ஒவ்வொரு பதிலாகப் போனது. என் பேர் வராது என்று எனக்குப் புரிந்தது. கத்தப் பார்த்தேன், காற்றுதான் வந்தது. கீழே மேஸ்திரி நெருப்பை ஊதுகிற சத்தம் கேட்டது. அவர் நிற்கிற இடத்திலிருந்து குடைவு தெரியாது.

"சடையா, மேல வந்துட்டியா சாமி?"

அந்த ஒரு மூச்சு நேரம்.

என் காதுக்குப் பக்கத்தில், தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்த ஆள் பேசுகிற மாதிரி, கரகரப்பாக ஒரு குரல் சொன்னது: "இன்னும் ஏறலீங்க. இங்கொரு புது ஆளு இருக்கான்."

மேலே யாரோ ஒரு பெண் வீலென்று கத்தினாள். பிறகு கயிறு வந்தது, ஆட்கள் வந்தார்கள், என்னைக் கட்டி இழுத்தார்கள். விளிம்பில் போட்டதும் எனக்கு நினைவு தப்பிவிட்டது. அதனால் அன்று நான் குழியைப் பார்த்து வந்துட்டேனுங்க என்று சொல்லவில்லை. இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கண் விழித்தபோது அக்கா என் முகத்தில் தண்ணீர் தெளித்துக் கொண்டிருந்தாள். அவள் கேட்ட முதல் கேள்வி, "உன்ற பேரென்ன சாமி?"

"பெரியண்ணன்," என்றேன்.

"பெரியண்ணா," என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். மறுநாள் முதல் சடையனுக்கு முன்னால் என் பேர். நானும் தவறாமல் பதில் சொன்னேன், அந்த முதல் நாள் பதில் மட்டும் பாக்கி நின்றுவிட்டது.

நான் பதில் சொன்னதாகத்தான் சிலர் நினைத்தார்கள். சடையனோடு வேலை செய்தவர்கள் அப்படி நினைக்கவில்லை. அவர்கள் குரலை அடையாளம் கண்டுகொண்டார்கள். ஆனால் யாரும் ஓடிப்போகவில்லை. அதற்கப்புறம்தான் இன்னும் கேலியும் பாட்டுமாக வேலை நடந்தது. கீழே எத்தனை ஆழம் போனாலும் நம்மை ஒருவர் மேலிருந்து கேட்பார், கீழேயும் ஒருவர் பார்த்துக்கொள்வார் என்று ஆகிவிட்டால் மனிதனுக்கு வேறென்ன பயம்? நானும் அப்படித்தான் இருந்தேன், அந்தக் குடைவைத் தாண்டி ஏறுகிற நேரம் தவிர.

தண்ணீர் வரவில்லை. அடுத்த கோடையில் பண்ணாடி கையை விரித்துவிட்டார். மேஸ்திரியும் அக்காவும் மேட்டூர் அணை வேலைக்குப் போனார்கள், நான் நாகப்பட்டினத்தில் கப்பலேறினேன். சடையனுக்கு விடை கொடுக்க வேண்டிய நாள் வரவேயில்லை.

4

துரை கேள்வி கேட்ட அடுத்த வாரம் செங்கோடன் காணாமல் போனான். ராசிபுரத்துப் பக்கத்து ஆள், இளவயது, கல்யாணமாகி வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. காலையில் ஒன்பதாம் நம்பர் காட்டுக்கு வாளியோடு போனவன் பால் நிறுக்கிற நேரத்துக்கு வரவில்லை. அவனுக்கு ஒதுக்கிய நிரையில் பாதி மரம் வரை வெட்டியிருந்தது, மரத்தில் மாட்டிய மங்குக் கிண்ணங்களில் பால் நிரம்பி வழிந்து கொண்டிருந்தது. மீதி மரங்களில் கத்தி படவேயில்லை.

ரப்பர் காட்டை நீங்கள் பார்த்ததில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே மரம், அதே இடைவெளி, அதே வெள்ளை மங்கு. நடுவில் நின்று கண்ணை மூடித் திறந்தால் வந்த வழி எது என்று தெரியாது. நம் ஊர்க் காட்டில் ஒரு பனைமரமாவது அடையாளத்துக்கு நிற்கும்.

தோட்டத்து எல்லை வரை அன்றைக்கே தேடினோம். மறுநாளும் தேடினோம். எல்லைக்கு அப்பால் ஆளுயரப் புல், அதற்குள் சீனர்கள் ஈயம் எடுத்துவிட்டுப் போன பழைய குழிகள். அது வேறு கம்பெனி நிலம், நுழைய அவர்களிடம் அனுமதி எழுத்து வாங்க வேண்டும் என்றார் மண்டோர், அதாவது எங்கள் மேற்பார்வைக்காரர். அந்த எழுத்துக்கு ஆபீசிலிருந்து ஆள் போனான். அவர்கள் துரை ஊரில் இல்லை என்று திரும்பி வந்தான். போலீஸ் ஸ்டேஷனில் மலாய்க்கார ஜவான், "ஓடிப்போனவனா, செத்தவனா?" என்று கேட்டார். இரண்டும் இல்லை, காணவில்லை என்றேன். அவர்கள் புத்தகத்தில் அதற்கு இடமில்லையாம். எங்கள் புத்தகத்திலும் இல்லை. வந்தவன், நோயாளி, வராதவன், ஓடிப்போனவன், இந்த நாலில் ஒன்றில்தான் ஆள் அடங்க வேண்டும்.

ஓடிப்போனவன் என்று துரை தீர்மானித்துவிட்டார். சனிக்கிழமை காலை பெரட்டில் அவன் எண்ணைக் கடைசியாகக் கூப்பிட்டு, அதோடு புத்தகத்திலிருந்து அடித்துவிட வேண்டும். ஓடிப்போனவன் பெண்டாட்டிக்கு ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் அறை கிடையாது, அடுத்த கப்பலில் ஊருக்கு அனுப்பிவிட வேண்டும். அடித்த பிறகு அவனை யாரும் தேட மாட்டார்கள்.

அவன் பெண்டாட்டி ராமாயி ஒவ்வொரு நாளும் வெளுக்கும் முன்பே ஒன்பதாம் நம்பர் ஓரத்தில் போய் நின்றாள். பனி மூட்டத்துக்குள்ளிருந்து, "ஏனுங்க... ஏனுங்க..." என்று அவள் குரல் மட்டும் வரும். அவளால் வேறு எப்படிக் கூப்பிட முடியும்? பேர் சொல்லக்கூடாதே. அந்தக் குரல் யாரைக் கூப்பிடுகிறது என்று காட்டுக்குத் தெரியாது. மரங்களுக்குள் புகுந்து திரும்பி வரும்போது நம்மைத்தான் கூப்பிடுகிறது போல இருக்கும். பால் வெட்டப் போன ஆண்கள் ஒவ்வொருவரும் நின்று திரும்பிப் பார்த்தார்கள். ஒன்பதாம் நம்பருக்குப் போக மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் என் வாசலில் வந்து நின்றாள்.

"கிராணிங்க, நீங்க நெதமும் நம்பரத்தான் கூப்புடறீங்க. எங்க ஊட்டுக்காரருக்கு நம்பரு நெனப்புலயே நிக்காதுங்க. பேரச் சொல்லிக் கூப்புடுங்க."

"அவன் காதில் விழுகிற தூரத்தில் இருந்தால் வந்திருக்க மாட்டானா அம்மா?"

"அவிய ஓடிப் போவுலீங்க. எங்கியோ கெடக்கறாங்க. நான் கூப்புடக் கூடாதுங்களே. நீங்க ஒரு தடவ கூப்புடுங்க சாமி."

எண்ணைத் தவிர எதையும் கூப்பிடக்கூடாது என்பது துரை உத்தரவு. மீறிய கிராணி ஒருவன் பக்கத்துத் தோட்டத்தில் வேலை போய் நடுத்தெருவில் நிற்கிறான். "கூப்பிடுகிறேன்," என்றேன்.

5

சனிக்கிழமை பெரட்டுக்குத் துரையே வந்திருந்தார். காற்றடித்து ஏற்றிய விளக்கைச் சுற்றிப் பனி. பிள்ளைகளை இடுப்பில் வைத்த பெண்களும் வரிசையில் நின்றார்கள். எண்களைக் கூப்பிட்டேன். பித்தளை வில்லைகள் ஒவ்வொன்றாக விளக்கு வெளிச்சத்தில் மின்னின. செங்கோடன் எண் வந்தது. கூப்பிட்டேன். ஒன்றுமில்லை.

"அடித்துவிடு," என்றார் துரை.

நான் புத்தகத்தை மூடிவிட்டு, காட்டுப் பக்கம் திரும்பி, "செங்கோடா!" என்று கூப்பிட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. எண் சொல்லிச் சொல்லித் தேய்ந்த குரல். கொட்டகையைத் தாண்டியதா என்பதே சந்தேகம். துரை முகம் சிவந்தது. "கிராணி, போதும்," என்று என் கையிலிருந்த பென்சிலுக்குக் கை நீட்டினார்.

அப்போது வரிசையிலிருந்து ராமாயி வெளியே வந்தாள். விளக்கைத் தாண்டி, இருட்டும் பனியும் தொடங்குகிற இடத்தில் போய் நின்றாள். முந்தானையை இறுக்கிச் செருகிக்கொண்டாள்.

"செங்கோடா!"

பெண்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் வாயைப் பொத்திக்கொண்டார்கள். தாலி கட்டியவன் பேரை ஒருத்தி ஊர் கேட்கக் கூவியதை அவர்கள் யாரும் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. மண்டோர் தலையைக் குனிந்துகொண்டார்.

"செங்கோடா! மேல வந்துட்டியா சாமி?"

மேலே என்று அவள் ஏன் சொன்னாள்? அவன் குழிக்குள் கிடக்கிறான் என்று அப்போது யாருக்கும் தெரியாது. பிற்பாடு கேட்டபோது, "அப்படியா சொன்னேன்?" என்று என்னையே திருப்பிக் கேட்டாள்.

ஒரு மூச்சு விடுகிற நேரம். அந்த நேரத்தை எனக்குத் தெரியும்.

ஒன்பதாம் நம்பருக்கு அப்பால், புல்லுக்குள்ளிருந்து, கரகரப்பாக ஒரு குரல் வந்தது. மற்றவர்கள் ஏதோ கத்தல் கேட்டது என்றுதான் சொல்கிறார்கள். துரைக்கும் கேட்டது, அவர் காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டார். எனக்கு வார்த்தை வார்த்தையாகக் கேட்டது.

"இன்னும் ஏறலீங்க. இங்கொரு ஆளு இருக்கான்."

யாரும் எழுத்துக்கும் உத்தரவுக்கும் காத்திருக்கவில்லை. மொத்த வரிசையும் விளக்கைத் தூக்கிக்கொண்டு ஓடியது. புல் மூடிய ஒரு பழைய ஈயக் குழியின் அடியில் செங்கோடன் கிடந்தான். கால் முறிந்து வீங்கியிருந்தது, உதடு வெடித்திருந்தது, ஆனால் உயிர் இருந்தது. மலம் கழிக்க ஒதுங்கியவன் புல்லில் கால் வைத்து உள்ளே போயிருக்கிறான். கயிறு கட்டி அவனை இழுத்தபோது எல்லோரும் அழுதார்கள். மண்டோரும் அழுதார், நானும் அழுதேன். ராமாயி மட்டும் அழவில்லை. அவன் விளிம்புக்கு வந்ததும், "வந்துட்டாங்க," என்று குழிக்குள் பார்த்துச் சொன்னாள்.

அன்று மத்தியானம் ஒன்பதாம் நம்பருக்கு எல்லோரும் தாங்களாகவே போனார்கள். வெகு நாளைக்கப்புறம் காட்டுக்குள் பாட்டுக் கேட்டது. துரை என்னைக் கூப்பிட்டு, வேலை போகும் என்று நான் நினைத்துக் கொண்டிருக்க, லண்டனுக்கு என்ன பதில் எழுதலாம் என்று கேட்டார்.

"வராத ஆளை யாராவது கேட்க வேண்டும் துரை. அது இருந்தால் மற்றதெல்லாம் பின்னாலேயே வரும்," என்றேன்.

பாவம், நல்ல மனிதர். "இன்னும் சத்தமாகக் கூப்பிட ஒரு பெரிய மணி வாங்கலாம் என்கிறாய்," என்றார். மணி வந்து கொட்டகையில் தொங்குகிறது. ஆனால் எண்ணோடு பேரையும் கூப்பிடலாம் என்று உத்தரவு கொடுத்துவிட்டார், அந்த அளவுக்குச் சந்தோஷம்.

6

நேற்று மத்தியானம் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். செங்கோடன் காலில் மூங்கில் கட்டோடு படுத்திருந்தான். ராமாயி கஞ்சித் தட்டைக் கழுவிக் கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே நல்ல வெயில், மரங்கள் வரிசை வரிசையாக நின்றன.

"அன்னிக்கு நல்லாப் பதில் சொன்னாயப்பா," என்றேன். எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"நானுங்களா? குழிக்குள்ள எனக்கு மூணு நாளாத் தொண்டையே எந்திரிக்கலீங்க. அவருதானுங்க சொன்னாரு."

"யார்?"

"எங்கூட இருந்தவருங்க. நம்ம பக்கத்து ஆளுதான், பேச்சப் பாத்தாத் தெரிஞ்சுது. நான் கண்ணசந்தா எழுப்பி உடுவாரு. தூங்காத, பேரக் கூப்புடுவாங்கம்பாரு. எனக்கு முன்னாடியே உள்ள உழுந்தவருன்னு நெனச்சனுங்க. என்னத் தூக்குனப்ப அவரையும் தூக்கிட்டீங்கன்னு இருந்தேன். ஆளு எங்கீங்க? எந்த வார்டுல இருக்காரு?"

அந்தக் குழியில் வேறு ஆள் இல்லை என்று நான் அவனுக்குச் சொல்லவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"வேறென்ன பேசினார்?"

"பெருசா ஒண்ணும் இல்லீங்க. திரும்பத் திரும்ப ஒண்ணையே கேட்டுட்டு இருந்தாரு. 'அந்தப் புது ஆளு மேல ஏறிட்டானா? அவன் இன்னும் பதில் சொல்லல'ன்னு. எனக்கு யாருன்னு தெரியலீங்க. வெளிய போனா விசாரிச்சுச் சொல்றேன்னு சொல்லி வச்சிருக்கேன். உங்களுக்குத் தெரியுமுங்களா, யாருங்க அது?"

"தெரியும்," என்றேன்.

"அந்தப் புது ஆளு ஏறிட்டாருங்களா?"

இத்தனை வருஷம் உங்களுக்கு எழுதிய கடிதங்கள் எல்லாம் ஞாபகத்துக்கு வந்தன. சௌக்கியம், சௌக்கியம் என்று ஒவ்வொரு மாசியிலும் எழுதியிருக்கிறேன். வாயில் அந்த வார்த்தைதான் வந்தது, ஆனால் வெளியே வரவில்லை.

ராமாயி தட்டைக் கீழே வைத்தாள். "கூப்புட்டுப் பாத்தீங்களா கிராணி? யாராச்சும் பேரச் சொல்லிக் கூப்புட்டாத்தானுங்க வருவாங்க. அவரு பேரென்னங்க?"

பாவாயக்காவுக்குப் பிறகு, புத்தகத்தில் எழுதுவதற்குத் தவிர, என்னிடம் அதை யாரும் கேட்டதில்லை.

"பெரியண்ணன்," என்றேன்.

அது என் பேர் என்று அவளுக்குத் தெரியாது. ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள். அன்று கூப்பிட்ட அதே குரலில், வெயிலில் நின்ற மரங்களைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"பெரியண்ணா! மேல வந்துட்டீங்களா?"

வந்துட்டேனுங்க என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லிவிட்டால் தீர்ந்தது. சொல்ல வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது.

ஒரு மூச்சு விடுகிற நேரம் கழித்து, என் தோளுக்குப் பக்கத்தில், கரகரப்பாகப் பதில் வந்தது.

"இன்னும் ஏறலீங்க."